ரப்பர் பேண்டைக் கழற்றிய மாதம்

முடி கொட்டுகிறது என்று யாராவது என்னிடம் வந்து அழுதால் நான் எண்ணெயைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஷாம்பூவைப் பற்றியும் கேட்க மாட்டேன். "இன்னாத்துல கட்ற? எப்போ கட்ற? ஈரமா, காஞ்சா?" இதைத்தான் கேட்பேன். இந்தக் கேள்விகள் எனக்கே தோன்றாமல் ஆறேழு வருடம் என் தலையை நானே நாசம் செய்தேன். அது போதாதென்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும் போகப் பார்த்தது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. காருக்குப் பின்னால் பொருத்துகிற சின்ன கேமராவைச் செய்கிறோம். எனக்கு லென்ஸ் மேஜையில் வேலை. ஒவ்வொரு கேமராவாகப் பெரிய லென்ஸுக்குக் கீழே வைத்து, கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். ஏழு வருடமாக அதே நாற்காலி. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறாதவள் நான். ஆனால் மற்றவர்கள் விட்டுவிட்ட கீறல் என் கண்ணில் படும். என்ஜினீயர் வந்து "ஒண்ணும் இல்லையேம்மா" என்பார். "சாய்ச்சிப் பாருங்க சார்" என்பேன். இருக்கும். அந்த நாற்காலியை விட்டால் எனக்கென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

எங்கள் லைன் இருக்கும் அறைக்குள் சும்மா போய்விட முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிக் கேப்பை முதலில் தலையில் மாட்ட வேண்டும். அதற்கு மேல் கம்பெனி கொடுக்கிற நீலக் கோட்டும் முக்காடும். பிறகு கதவுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பசை தடவிய ரோலர் ஒன்று இருக்கும். பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளின் தோளிலும் முதுகிலும் அதை உருட்டுவாள். தூசி, நூல், முடி எது இருந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது முடி என்றால் பலகையில் உன் நம்பருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்குப் பின்னால் நிற்பவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகாதவள், ஒரகடத்தில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ரோலரை உருட்டிவிட்டு, ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது போலச் சத்தமாகச் சொல்லுவாள்.

"யக்கா, உங்களுக்கு மூணு!"

"ஏண்டி, மைக்கு வெச்சி சொல்லேன். மணிமங்கலம் வரிக்கும் கேக்கட்டும்."

"இருக்கதத்தான சொல்லுதேன்."

"பிச்சிப் போட்டுட்டு கம்முனு வுடு."

"விட்டா கேமராக்குள்ள போயிரும்லா. பொறவு நீங்களே லென்ஸுல பாத்துட்டு இது எந்த மூதேவி முடின்னு ஏசுவிய."

ஏசுவேன்தான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு புகார் வந்தது. எங்கள் கேமரா ஒன்றுக்குள் முடி கிடந்ததாம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரையில் ரோடு விரிசல் விட்ட மாதிரித் தெரிந்ததாம். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஒரு மாதத்தில் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். நாற்பதைத் தாண்டியவர். தார் ஊற்றிய மாதிரிக் கறுப்பான தலை. பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சீப்பு.

"ஆடிட் அன்னிக்கி கஸ்டமர் முன்னாடிதான் ரோலர் உருட்டுவாங்க. அன்னிக்கி யார் மேல முடி கீதோ, அவங்க மறுநாள் பேக்கிங். சொல்லிட்டேன்."

பேக்கிங் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. ஏ.சி. கிடையாது. நாள் முழுக்க நின்றபடி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அங்கே லென்ஸ் கிடையாது. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். என் நம்பருக்கு எதிரேதான் அம்மை போட்ட மாதிரிச் சிவப்பாக இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தேன் என் புத்திசாலித்தனத்தை. உதிர்கிற முடி உதிராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? இறுக்கிக் கட்டினால் எப்படி உதிரும்? ஒரு ரப்பர் பேண்ட் போட்ட இடத்தில் இரண்டு போட்டேன். புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து உச்சியில் கொண்டை. உதிரப் போகிற முடி எல்லாம் வீட்டிலேயே உதிரட்டும் என்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தினமும் தலைக்குக் குளித்தேன். ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். காய வைக்க நேரம் ஏது? சொட்டச் சொட்ட வாரி, ஈரத்தோடு கட்டி, அதன் மேல் கேப்பை மாட்டிவிடுவேன். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கழற்றும்போதும் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஊறப்போட்ட துணியை மறந்துவிட்டால் ஒரு நாற்றம் வருமே, அதே நாற்றம். அந்தக் கேப்பை லாக்கரில் தொங்கவிட்டு மறுநாள் அதையே மாட்டுவேன்.

இதிலெல்லாம் திருப்தி வராமல், கதவுப் பக்கத்தில் ரோலருக்கு எதிரே மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று, கேப் மாட்டும் முன் கடைசியாக ஒரு தடவை வறட்டு வறட்டென்று வாருவேன். ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டும் வந்துவிடட்டும் என்று. நான் மட்டுமா? எல்லாருமே அங்கே நின்றுதான் வாரினோம். சூப்பர்வைசர் உட்பட.

பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி பதினேழு மூலிகை போட்ட எண்ணெய் விற்றாள். அதையும் வாங்கினேன். தலையில் அப்பிக்கொண்டு போனதில் எண்ணெய் கேப்பைத் தாண்டி முக்காட்டில் இறங்கியது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். எண்ணெய்மேல் எனக்குக் கோபம் இல்லை. தேய்த்தால் சிக்கு குறையும், முடி வழவழப்பாக இருக்கும், அறுவது குறையும். ஆனால் பதினேழு மூலிகையும் சேர்ந்து ரப்பர் பேண்டோடு சண்டை போட்டு ஜெயிக்குமா?

வீட்டிலும் நிம்மதி இல்லை. எங்கள் வீடு வடக்குப்பட்டில். குளியலறை ஓட்டையில் அடைத்த முடியைக் குச்சியால் எடுத்துக் காட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

"இன்னாது, எலி கிலி செத்துக் கீதா?"

"அது எந்தலமுடி."

"அப்போ தலையில கீறது?"

அந்தக் குச்சியைப் பிடுங்கி அவரையே அடிக்கலாமா என்று இருக்கும்.

ஒரு வாரம் இப்படிப் பாடுபட்டேன். மூன்று ஐந்தானது. திருநெல்வேலிக்காரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "யக்கா, ஏன் இப்படி வலிச்சுக் கட்டுதிய? பாக்கவே எனக்குத் தல நோவுது."

"ஒனக்கு கயிறு மாதிரி கீது, நீ பேசுவ. உருட்டுடி."

தலைவலி என்று அவள் சொன்னது சரி. பத்து மணியானால் எனக்குத் தலை பிளக்கும். லென்ஸைப் பார்த்துப் பார்த்துத்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல் மாத்திரை வாங்க முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருந்த நர்சம்மா வாயில் தேன் தடவிப் பேசுகிற ஆள் இல்லை. மாத்திரை டப்பாவைத் தொடவே இல்லை.

"கேப்ப கழட்டு. கொண்டைய அவுரு."

"தலைவலிக்கி மாத்தர கேட்டா—"

"அவுருன்றேன்."

அவிழ்த்தேன். ஒரு ரப்பர் பேண்டைக் கையால் எடுக்க முடியவில்லை. அவள்தான் கத்தரிக்கோலால் வெட்டினாள். மண்டைத் தோல் பழைய இடத்துக்கு இறங்கி வந்ததை என்னால் உணர முடிந்தது. பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்தாள். வலி போயே போய்விட்டது. பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

"நெத்தியப் பாரு. ரெண்டு ஓரமும் எங்க போயிகினு கீது? யாரும் புடுங்கல. நீயே தெனம் புடுங்கற. இப்ப வுட்டா திரும்பி வரும். இன்னும் நாலு வருசம் இப்பிடியே இழுத்தினா அப்புறம் வராது. ரத்தமும் குடுத்துட்டுப் போ, பாத்துரலாம். சாப்புடுறியா காலைல?"

"டீ குடிப்பேன்."

"டீயில முடி மொளைக்குமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நர்சம்மா மேல் இல்லை. கழற்றிய இரண்டாவது ரப்பர் பேண்ட் கையில் இருந்தது. அதில் குருவிக்கூடு மாதிரி முடி சுற்றியிருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் டிரெயினிங் ரூமுக்குப் போனேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அங்கே ஒரு பழைய லென்ஸ் கிடக்கிறது. அதன் கீழே வைத்தேன்.

ஊர் கேமராவில் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறவள், என் முடியை ஒரு நாள்கூட லென்ஸில் வைத்துப் பார்த்தது இல்லை. தானாக உதிர்ந்த முடிக்கு ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருக்கும். வேரோடு வருவது. அப்படி இருந்தவை கொஞ்சம்தான். அது எல்லாருக்கும் தினமும் கொஞ்சம் உதிரும், வேறு முளைக்கும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். மற்றதெல்லாம் அறுந்தவை. குமிழே இல்லை. முனை துடைப்பம் மாதிரிப் பிரிந்து கிடந்தது. அறுந்த நீளத்தை என் தலையோடு வைத்துப் பார்த்தேன். சரியாக ரப்பர் பேண்ட் உட்காருகிற இடம்.

கம்பெனியில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு தாள் கொடுப்பார்கள். ஏன் வந்தது என்று எழுத வேண்டும். அந்தப் பதிலுக்குக் கீழே அது ஏன் என்று எழுத வேண்டும். இப்படி ஐந்து ஏன். அதில் ஒன்றை எடுத்து நானே எழுதினேன். முடி ஏன் விழுகிறது? அறுகிறது. ஏன் அறுகிறது? ஈரத்தில் இறுக்கிக் கட்டுகிறேன். ஏன் இறுக்கிக் கட்டுகிறேன்? முடி விழுகிறது. முடி ஏன் விழுகிறது? அறுகிறது.

ஐந்தாவது ஏனுக்குத் தாள் போகவே இல்லை. மூன்றாவதிலேயே திரும்பி முதல் கேள்விக்கு வந்து நின்றது. அந்த ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இத்தனை நாளும் கம்பெனி மேல், தண்ணீர் மேல், அந்தத் திருநெல்வேலிக்காரி முடி மேல் எல்லாம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஆடிட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும்தான் தலைக்குக் குளியல். அதுவும் வாரத்தில் மூன்று நாள் போதும். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அது தலையில் மட்டும் படியாதா? கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீரில் அலசினேன்.

"குடிக்கிற தண்ணிய தலையில ஊத்திகினியா? நாங்கெல்லாம் இன்னாத்த குடிக்கிறது?" என்றார் வீட்டுக்காரர்.

"எலி செத்துக் கீதான்னு கேட்ட இல்ல? இனிமே சாவாது. கேன் தூக்கினு வா."

துண்டால் முறுக்கிப் பிழிகிற வேலையை விட்டேன். ஒற்றி எடுத்துவிட்டு, மாடியில் துணி காயப்போடும் நேரம் முழுக்க முடியையும் விரித்துக் காய விடுவேன். தொட்டுப் பார்த்து வேர் வரைக்கும் காய்ந்தால்தான் சீப்பைத் தொடுவேன். பல் அகலமான சீப்பு. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்காமல், நுனியில் சிக்கு எடுத்து, கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே. முதல் நாள் அரை மணி நேரம் ஆனது. கை வலித்தது, திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

பிறகு தளர்வாக ஒரு பின்னல். பழைய நைட்டியைக் கிழித்து முடிச்சுப் போட்டுக்கொள்ள நாடா செய்தேன். காலையில் வாருவதே கிடையாது. பின்னலை அப்படியே மடித்து, நாடாவால் கழுத்துக்கு மேலே லேசாகக் கட்டி, கேப்பை மாட்டுவேன். உதிர வேண்டிய முடி முந்தின நாளே சீப்பில் வந்துவிடும். மீதி பின்னலுக்குள்ளேயே கிடக்கும். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல், ஒரு நாள் கீழே, ஒரு நாள் பக்கவாட்டில். வகிடும் அப்படித்தான், இந்த வாரம் இடது, அடுத்த வாரம் வலது. நாலு கேப் தைத்துக்கொண்டேன். தினம் ஒன்று, துவைத்து வெயிலில் காய்ந்தது. காலையில் டீயோடு கேன்டீனில் இட்லியும் முட்டையும் சேர்ந்தது. ரத்தத்தில் சத்து குறைவு என்று வந்ததால் நர்சம்மா டாக்டரிடம் அனுப்பி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் புது முடி முளைத்துவிட்டது என்று சொன்னால் நான் மூலிகை எண்ணெய் விற்கிறவளுக்குத் தங்கச்சி. ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் அறுவது நின்றது. தலைவலி நின்றது. ரோலரில் ஐந்து என்பது இரண்டானது, ஒன்றானது, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. திருநெல்வேலிக்காரி ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, ரோலர்ல பசை தீந்துட்டா?"

"அடி வாங்குவ."

கண்ணாடி விஷயத்தை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. ரோலருக்கு எதிரிலேயே நின்று எல்லாரும் வாரினால், ஒருத்தி தலை முடி பறந்து வந்து அடுத்தவள் தோளில் உட்காராதா? சூப்பர்வைசரிடம் போய், கண்ணாடியை லாக்கர் பக்கம் மாற்றச் சொன்னேன். அவர் அதே கண்ணாடியைப் பார்த்து வாரிக்கொண்டே, "ஒனக்கு கொட்டுதுன்னா கண்ணாடி இன்னாம்மா பண்ணும்? போய் வேலயப் பாரு" என்றார்.

ஆடிட் நாள் வந்தது. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண். கதவு ஓரமாக நின்று பார்த்தார்கள். வரிசை நகர்ந்தது. சூப்பர்வைசருக்குப் பதற்றம். முக்காடு மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியில் ஒரு தடவை வாரினார், வரிசையைப் பார்த்தார், திரும்பவும் வாரினார். நான் வரிசையில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். திருநெல்வேலிக்காரி என் தோளில் ரோலரை உருட்டினாள்.

சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் செத்திருந்தது. இத்தனை நாள் கூவியவள் அன்றைக்கு முதல்முறையாக ரோலரை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள்.

"சொல்லுடி."

"ஒண்ணு இருக்குக்கா."

சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு, "படிச்சிப் படிச்சி சொன்னேன்" என்றார்.

ஏழு வருட நாற்காலி கண் முன்னால் போனது. ஆனால் பார்க்காமல் எதையும் கெட்டது என்று தள்ளிப் பழக்கம் இல்லை எனக்கு. ரோலரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். என் முடி முழங்கை நீளம். ஒட்டியிருந்தது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"சார், இத்த லென்ஸுல வெச்சிப் பாக்கணும்."

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

அந்தப் பெண் மொழிபெயர்த்துச் சொன்னதும் வந்தவர்களில் ஒருவர் தலையாட்டினார். நாலடி தள்ளித்தான் டிரெயினிங் ரூம். ரோலர் தாளைக் கிழித்துக்கொண்டு எல்லாரும் அங்கே போனோம். லென்ஸில் நான் முதலில் பார்த்தேன். முனை துடைப்பம் மாதிரிப் பிரியவில்லை, அறுந்தது இல்லை. வேர்ப்பக்கம் வெள்ளைக் குமிழ். குமிழிலிருந்து அரிசி நீளத்துக்கு முடியும் வெள்ளை. அதற்கு மேல் தார் ஊற்றிய மாதிரிக் கறுப்பு.

நகர்ந்து இடம் விட்டேன். வந்தவர் குனிந்து பார்த்தார். திருநெல்வேலிக்காரியும் எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் மெதுவாக ஒரே தலையைப் பார்த்தோம். சூப்பர்வைசர் கை பாதி வழியில், சீப்பைப் பாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"இது சாயம் போட்டதுல்லா?" என்றாள் அவள், ஊருக்கே கேட்கிற மாதிரி. பழைய குரல் திரும்பிவிட்டது.

மொழிபெயர்க்கிற பெண் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. வந்தவர் சிரித்துவிட்டு, வெளியே போய், அந்தக் கண்ணாடியைக் காட்டி, பிறகு லாக்கர் பக்கம் கையை நீட்டினார். நான் சொன்னபோது சூப்பர்வைசர் காதில் வாங்காத அதே விஷயம். மத்தியானத்துக்குள் ஆணி பிடுங்கி மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டீ இடைவேளையில் சூப்பர்வைசர் லாக்கர் பக்கம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது கத்துவார் என்று தயாராக இருந்தேன்.

"ஏம்மா... எனக்கும் ரொம்ப கொட்டுது. இன்னா பண்றதுன்னே தெரில."

"ஆம்பளைங்களுக்கு கொட்றது வேற, சார். பரம்பரையா கூட இருக்கும்னு நர்சம்மா சொல்லிச்சி. போய் டாக்டரப் பாருங்க. எங்கிட்ட மருந்து இல்ல."

"வேற ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி வாருவீங்க?"

யோசித்தார். விரலை மடித்தார். ஒரு கை தீர்ந்து அடுத்த கைக்குப் போனது.

"போதும், கைய நீட்டுங்க" என்றேன். "மொதல்ல அந்த சீப்பக் குடுங்க."

கொடுத்துவிட்டார். பல் நெருக்கமான, ரெண்டு பல் உடைந்த கறுப்புச் சீப்பு. இன்னும் என் லாக்கரில்தான் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை வந்து கேட்பார். கொடுக்க மாட்டேன்.